கண்மாய்ச் சிற்றுண்ணிக்குப் பெயர் கிடைக்கும் வழி

ராமநாதபுரம் கரையோரத்தின் உயிரினங்கள் என்றாலே பேச்சு கடலுக்குப் போய்விடுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், பவளத் திட்டுகளும், கடற்பசுவும், கடல் அட்டையும் நெடுங்காலமாக ஆய்வாளர்களை ஈர்த்து வந்திருக்கின்றன. தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டன. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் தெரியும் கண்மாய்களுக்கும் ஊரணிகளுக்கும் அந்த அளவு கவனம் கிடைத்ததில்லை. கிடைத்த கவனமும் பறவைகளால் வந்ததே. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் அறிவிக்கப்பட்ட, பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ராம்சர் ஈரநிலங்களில் இடம்பெற்றன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025-இல் சேர்ந்தன. நாரைகளும் கூழைக்கடாக்களும் நிற்கும் அதே நீரில், பாசிக்கும் நீர்ச்செடிகளுக்கும் இடையே, கடுகினும் சிறிய செந்நிற உயிர்கள் எட்டுக் கால்களையும் வீசி நீந்திக்கொண்டிருக்கின்றன. இவை நன்னீர்ச் சிற்றுண்ணிகள்.

இவற்றுள் இதுவரை பெயரிடப்படாத சிற்றினம் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டா என்றால், நிறையவே உண்டு. இந்திய நன்னீரின் பெரிய உயிரினங்களோடு ஒப்பிட்டால் இந்தக் கூட்டத்தைத் தேடிப் போனவர்கள் மிகச் சிலர். ஆயினும் பெயரில்லாத ஒன்று வலையில் விழுவது வேறு, அது புதிய சிற்றினம் என்று நிறுவப்படுவது வேறு. முன்னது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடலாம். பின்னதற்குப் பல நேரங்களில் ஆண்டுகள் ஆகின்றன. ‘புதிய உயிரினம் கண்டுபிடிப்பு’ என்று வரும் சிறு செய்திகளில் காணாமல்போவது இந்தப் பிற்பகுதிதான். ஏற்கெனவே பெயர் பெற்ற உறவினங்கள் அத்தனையிலிருந்தும் தன் கையிலுள்ள உயிர் வேறுபட்டது என்று, பிறர் சரிபார்க்கவும் மறுக்கவும் இடம் வைத்து எழுதப்படும் வாதமே சிற்றின விவரிப்பு. அழகான படமும் நீண்ட அளவீட்டுப் பட்டியலும் இருந்து அந்த வாதம் இல்லாவிட்டால், அந்தக் கட்டுரையால் வகைப்பாட்டியலுக்குச் சுமைதான் கூடும்.

முதலில் அந்த உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர்ச்சிற்றுண்ணிகள் சிலந்திகள் அடங்கிய வகுப்பைச் சேர்ந்தவை. மழை பெய்து ஓய்ந்ததும் தரையில் ஊரும், சங்கப் பாடல்களில் ஈயல்மூதாய் என்று வரும் செம்பட்டு நிறத் தம்பலப்பூச்சி இவற்றுக்கு நெருங்கிய உறவு. ஆட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணி தூரத்து உறவு. உலகம் முழுவதும் 6000-க்கும் மேற்பட்ட நீர்ச்சிற்றுண்ணிச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை வளர்பவை. ஐலைஸ், ஹைட்ராக்னா ஆகிய பேரினங்களில் மட்டும் சில ஐந்து மில்லிமீட்டரையும் தாண்டும்.

இவற்றின் வாழ்க்கைச் சுழற்சி சற்றுச் சிக்கலானது. விவரிப்பவரின் தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் லார்வாவுக்கு ஆறு கால்களே உண்டு. அது ஒரு பூச்சியைத் தேடிப் பற்றிக்கொண்டு, அதன் உடற்சாற்றை உறிஞ்சி வளர்கிறது. பின்னர் அசைவற்ற ஓர் ஓய்வுநிலை. அதிலிருந்து எட்டுக் கால்களுடன் வேட்டையாடித் திரியும் இளநிலை. மீண்டும் ஓர் ஓய்வுநிலை. அதன் பிறகே முதிர்ந்த உயிரி. முதிர்ந்தவை நீர்த்தெள்ளுகளையும், இருமூடி ஓட்டுக்குள் வாழும் ஆஸ்ட்ரகாட் எனும் நுண் ஓட்டுயிரிகளையும், கொசு முட்டைகளையும் இளம் புழுக்களையும் தின்று வாழ்கின்றன. அர்ரெனூரஸ் பேரினத்தின் பல சிற்றினங்களில், லார்வா முதலில் தட்டானின் நீர்வாழ் இளவுயிரியின் மேல் ஏறி வெறுமனே தொற்றிக்கொண்டிருக்கும். அது தோலுரித்துச் சிறகு முளைத்து வெளியேறும் நேரத்தில் புதிய உடலுக்குத் தாவி, மென்மையான தோலில் வாயைப் பதிக்கும். தட்டானைப் பிடித்து மார்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே ஒட்டியிருக்கும் சிவப்பு மணிகள் நினைவிருக்கலாம். தட்டான் முட்டையிட நீருக்குத் திரும்பும்போது இந்த மணிகள் கழன்று நீரில் விழுகின்றன.

இந்த ஏற்பாடு ராமநாதபுரம் போன்ற நிலத்தில் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும், வந்தால் வரும் வைகை நீருமே கண்மாய்களை நிரப்புகின்றன. நாற்பத்தெட்டு மடை கொண்ட ராஜசிங்கமங்கலம் கண்மாய் முதல் ஊர்ப்புறத்துச் சிறு ஊரணி வரை, கோடையில் தரை தெரிய வற்றுவது வழக்கமான காட்சி. அப்படி வற்றும் நீரில் வாழும் உயிருக்கு இரண்டு வழிகளே உண்டு: சேற்றுக்குள் புதைந்து காத்திருப்பது, அல்லது பறக்கும் ஒன்றின் மேல் ஏறி வேறு நீருக்குப் போவது. ஐலைஸ், ஹைட்ராக்னா லார்வாக்கள் நீர்ப்பூச்சிகளின் மேலும் நீர்வண்டுகளின் மேலும் ஒட்டியபடியே வறண்ட மாதங்களைக் கடக்கக்கூடியவை. ஆகவே ஒரு கண்மாயில் கிடைத்த சிற்றுண்ணி அந்தக் கண்மாய்க்கே உரியது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. அது எங்கிருந்து எந்தப் பூச்சியின் மேல் வந்தது என்ற கேள்வி எப்போதும் பின்னால் நிற்கும்.

கரையோரத்தில் வேறொரு குழப்பமும் காத்திருக்கிறது. வைகையின் உபரி நீர் ஆற்றங்கரை அருகே பாக் விரிகுடாவில் கலக்கும் இடத்தைப் போல, நன்னீரும் உவர்நீரும் மாறிமாறி ஆட்சி செய்யும் முகத்துவாரங்களும் ஓடைகளும் இங்கே உள்ளன. உப்பளங்களும் இறால் பண்ணைகளும் அவற்றை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அங்கே கிடைப்பதெல்லாம் நன்னீர்ச் சிற்றுண்ணி ஆகாது. ஹாலகாரிடே எனும் முற்றிலும் வேறான குடும்பம் பெரும்பாலும் கடலில் வாழ்கிறது. அதன் சில கிளைகள் நன்னீருக்குள்ளும் வந்துள்ளன. அதற்கு நேர்மாறாக, உண்மையான நீர்ச்சிற்றுண்ணிகளிலேயே பொன்டராக்னிடே எனும் ஒரு குடும்பம் கடலுக்குத் திரும்பி, உவர்நீரிலும் கடலோர மணலிலும் பாசியிலும் வாழ்கிறது. போதாக்குறைக்கு, நீர்ச்செடிகளின் மேல் வாழும் ஹைட்ரோசீட்டஸ் என்ற பேரினமும் உண்டு. அது மண்ணில் வாழும் ஓரிபாடிட் சிற்றுண்ணிகளின் வழிவந்தது. எனவே மாதிரி எடுக்கும் நேரத்திலேயே நீரின் மின்கடத்துதிறனையும் உப்புத்தன்மையையும் அளந்து எழுதி வைப்பது இந்தக் கரையில் கட்டாயம். பிற இடங்களில் ‘குளத்து நீர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இங்கே அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

சேகரிப்பு எளிது. கால் மில்லிமீட்டர் கண்ணளவு கொண்ட கைவலையை நீர்ச்செடிகளுக்கு இடையே இழுத்து, வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, சற்று நேரம் அசையாமல் விட்டால், நகரும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான புள்ளிகள் தாமே தெரியும். ஒரு சொட்டுக் குழாயால் அவற்றை உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். நன்னீர் மட்டிகளைத் திறந்து பார்த்தால், செவுள்களிடையே வாழும் யூனியோனிகோலா பேரினத்தவை கிடைக்கக்கூடும்.

இந்தக் கரைக்கென்றே அமைந்தது போன்ற இன்னொரு முறையும் உண்டு. சாயல்குடிப் பக்கத்திலும் தனுஷ்கோடியிலும் மணலில் ஊற்றுத் தோண்டி, கசிந்து நிற்கும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்புவது பெண்களின் அன்றாட வேலையாக இருந்து வந்திருக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்பதால்தான் கடல் அலை தெரியும் தொலைவிலேயே குடிக்கத்தக்க நீர் கிடைக்கிறது. நிலத்தடி நீரின் சிற்றுயிர்களைத் தேடும் ஆய்வாளர்கள் கையாளும் கராமன்–ஷப்பூயி முறையும் ஏறத்தாழ இதே செயல்தான்: கரையோரத்தில் நீர்மட்டம் வரை குழி தோண்டி, ஊறிவரும் நீரை நுண்வலையில் வடிகட்டுவது. மணல் துகள்களின் இடைவெளியில் வாழும் சிற்றுண்ணிகள் நிறமற்று, உடல் ஒடுங்கி, கண்கள் குன்றிப்போய் இருப்பது வழக்கம். மேற்பரப்பு நீரில் எத்தனை ஆண்டு வலை வீசினாலும் அவை அகப்படமாட்டா. இம்மாவட்டத்தில் புதிய சிற்றினம் ஒன்றைத் தேடுபவர் கண்மாய்க்குப் போகுமுன் ஊற்றுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

பிடித்ததை எதில் போட்டு வைப்பது என்பது சிறிய கேள்வி போலத் தோன்றினாலும் பின்னால் எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது. சாராயத்தில் போட்ட சிற்றுண்ணியின் உடல் விறைத்து, கால்கள் தொட்டால் முறியும் நிலைக்கு வந்துவிடும். அதனால் உருவவியல் ஆய்வுக்குக் கிளிசரினும் அசெட்டிக் அமிலமும் நீரும் கலந்த கோனிகே கரைசலைப் பயன்படுத்துகிறார்கள்; அதில் உடல் மென்மையாகவே இருக்கும், மூட்டுகளை வளைக்கவும் பிரிக்கவும் முடியும். ஆனால் அமிலம் மரபணுவைச் சிதைத்துவிடும். ஆகவே ஒரே இடத்தில் கிடைத்தவற்றில் சிலவற்றைக் கோனிகே கரைசலிலும் சிலவற்றை அடர் எத்தனாலிலும் பிரித்து வைப்பதே முறை. ஒரே ஒரு சிற்றுண்ணி மட்டும் கிடைத்திருந்தால், அந்த ஆண்டு எதையும் எழுதாமல் அடுத்த மழைக்குக் காத்திருப்பதே பெரும்பாலும் சரியான முடிவு.

ஆய்வகத்தில் உடலின் மென்பகுதிகளைக் கரைத்துத் தெளியவைத்து, மேற்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியாகத் தெரியும்படி பிரித்து, கண்ணாடிச் சில்லில் பதிக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் அளவெடுப்பு தொடங்கும், அளவுகளெல்லாம் மைக்ரோமீட்டரில். மேல்தோல் மென்மையானதா அல்லது கவசமாக இறுகியதா, கால்கள் பொருந்தும் அடித்தகடுகள் எந்த வடிவில் சேர்ந்திருக்கின்றன, இனப்பெருக்கத் துளையைச் சுற்றியுள்ள அசெட்டாபுலா எனும் நுண்கிண்ணங்கள் எத்தனை, தோலில் சுரப்பித் துளைகளும் அவற்றோடு இணைந்த மயிர்களும் எங்கெங்கே அமைந்துள்ளன, வாயருகே உள்ள ஐந்து கணுக்கள் கொண்ட பெடிபால்ப் எனும் பற்றுறுப்பில் ஒவ்வொரு கணுவின் நீளம் என்ன, எந்தக் கணுவில் எத்தனை முட்கள், கால்களில் நீந்துமயிர்கள் உண்டா என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவு செய்வார்கள். பெடிபால்ப்பின் ஒரு கணுவில் உள்ள ஒரு முள்ளின் இடம் மட்டுமே இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கும் நேரங்களும் உண்டு. இவ்வளவையும் கோட்டோவியமாக வரைகிறார்கள். ஒளிப்படம் எடுக்கும் வசதி பெருகிய பிறகும் கைவரைவு நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: படத்தில் ஒரு தளம் மட்டுமே கூர்மையாக விழும், வரைபவரோ பல தளங்களில் கண்டதை ஒரே தாளில் சேர்க்கிறார், எது முக்கியம் என்ற தம் தீர்ப்பையும் அதில் வெளிப்படுத்திவிடுகிறார்.

பாலினமும் வயதும் ஏமாற்றக்கூடியவை. 900-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட அர்ரெனூரஸில், ஆணின் பின்னுடல் வாலைப் போல நீண்டும் கொம்பைப் போலப் புடைத்தும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுபடும். பெண்களோ பெரும்பாலும் உருண்டையாக ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். எனவே அந்தப் பேரினத்தில் பெண்ணை மட்டும் வைத்துப் புதிய சிற்றினம் அறிவிப்பது ஆபத்தானது. வேட்டையாடும் இளநிலை உயிரியை முதிர்ந்ததாகக் கருதிப் பெயரிட்டுப் பின்னர் அந்தப் பெயர் கைவிடப்பட்ட நிகழ்வுகள் இத்துறையின் வரலாற்றில் நிறைய. தோலுரித்து அதிக நாள் ஆகாத முதிர் உயிரியின் கவசமும் முழுதும் இறுகியிருக்காது. அதன் அளவுகள் வேறாகத் தெரியும்.

இனி ஒப்பீடு. உண்மையான உழைப்பு இங்கேதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஃபிரெடெரிக் முல்லர் 1781-இல் தம் நாட்டுச் சதுப்பு நீர்களின் சிற்றுண்ணிகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். இந்தியாவுக்கு அந்தக் கவனம் வர நெடுநாள் ஆயிற்று. ஹங்கேரியரான டாடாய் 1898-இல் இலங்கையின் நன்னீர்ச் சிற்றுயிர்களைப் பற்றியும், சுவிட்சர்லாந்தின் வால்டர் 1928-இல் இந்திய நீர்ச்சிற்றுண்ணிகளைப் பற்றியும் எழுதினார்கள். அமெரிக்கரான டேவிட் குக் 1967-இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் இந்தியச் சிற்றுண்ணிகளுக்கு அடிப்படை ஆவணமாக இருக்கிறது. ஆக, இந்நாட்டு நீர்ச்சிற்றுண்ணியை ஒப்பிட விரும்புபவர் ஜெர்மன் மொழிக் கட்டுரைகளை வாசிக்கவும், ஒரு பெயருக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட மூலமாதிரிகளைப் பார்க்க ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களை அணுகவும் வேண்டியிருக்கிறது. பழைய விவரிப்புகள் பல அரைப் பக்கம்தான். படம் ஒன்றோ இரண்டோ. அவற்றில் சொல்லப்படாத பண்பு ஒன்றை அறிய வேண்டுமானால், பல பத்தாண்டுகளுக்கு முன் பதித்த அந்தச் சில்லையே மீண்டும் பார்ப்பது தவிர வழியில்லை. இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு ‘கிடைத்த நூல்களில் இதைப் போன்றது இல்லை’ என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிறந்த பெயர்களைக் கலைப்பதற்கு அடுத்த தலைமுறை தன் நேரத்தைச் செலவிடுகிறது.

ராமநாதபுரத்தின் மாதிரிக்கு இலங்கையோடு ஒப்பீடு தவிர்க்க முடியாதது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைவான ஆழம் கொண்டது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது இன்றைய தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருந்தது தரை. தரை மூழ்கிய பிறகும் தட்டான்களுக்கு இந்தக் கடல் பெரிய தடையல்ல. ஆகவே இங்கே கிடைக்கும் ‘புதிய’ சிற்றுண்ணிக்கு அக்கரையில் 1898-லேயே பெயர் வைக்கப்பட்டிருக்கக்கூடும். மாநில எல்லைக்குள்ளும் நாட்டு எல்லைக்குள்ளும் மட்டும் ஒப்பிட்டு முடித்துவிடும் பழக்கம் இந்தக் கரையில் செல்லாது.

மரபணு ஆய்வு இந்தச் சுமையைக் குறைக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் எனும் மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டு, உருவத்தில் பிரித்தறிய முடியாத சிற்றினங்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஆணும் பெண்ணும் லார்வாவும் ஒரே சிற்றினம்தானா என்பதையும் ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒப்பிடுவதற்குத் தரவுத்தளத்தில் மரபணுத் தொடர்கள் இருந்தால்தானே அது பேசும்? இந்திய நீர்ச்சிற்றுண்ணிகளுக்கு அப்படிப் பதிவானவை சொற்பம். பழைய சில்லுகளில் உள்ள மாதிரிகளிலிருந்து மரபணு எடுப்பதும் அரிது. எனவே மரபணு இங்கே துணைச் சான்று; இப்போதைக்கு அதற்கு மேல் இல்லை.

பெயரிடலைப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு கட்டுப்படுத்துகிறது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2000-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து செயல்படுகிறது. பெயர் புதியது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்; பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகள் சொற்களில் எழுதப்பட வேண்டும்; மூலமாதிரி, வழக்கமாக ஹோலோடைப் எனும் ஒற்றை மாதிரி, குறிக்கப்பட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதும் கூறப்பட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2012 முதல் இது நடைமுறை. பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும் என்று விதி வற்புறுத்துகிறதே தவிர, விவரிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. பரவலாகப் படிக்கப்படும் மொழியில் எழுதுங்கள் என்ற பரிந்துரை மட்டுமே உண்டு. ஆகவே தமிழில் எழுதிய விவரிப்பும் விதிப்படி செல்லும், யாரும் செய்வதில்லை என்பது வேறு செய்தி.

இந்தியச் சட்டமும் ஒன்று சேர்க்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறியப்படும் எந்த உயிரினத்தையும் அதற்கென நியமிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு அத்தகைய களஞ்சியமாக இருப்பது 1916-இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம். பறவைகள் சரணாலயமான கண்மாய் என்றால் வனத்துறையின் அனுமதியும் முன்கூட்டியே தேவை. இந்தச் சட்டத்தைக் காகிதச் சுமையாகப் பார்ப்பவர்கள் உண்டு. இந்தியச் சிற்றுண்ணியைப் பார்க்க இந்திய மாணவர் கடல் கடந்த நகரங்களுக்கு மின்னஞ்சல் எழுதும் நிலையை நினைத்தால், மூலமாதிரி நாட்டுக்குள்ளேயே இருப்பதன் பயன் விளங்கும்.

மூலமாதிரி கிடைத்த இடத்தைப் பற்றிய பத்தி பெரும்பாலான கட்டுரைகளில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, சேகரித்தவர் பெயர் ஆகியவை போதும் என்று கருதுகிறார்கள். நிலையான நீருள்ள நாடுகளில் அது போதலாம். இங்கே அதே கண்மாய் நவம்பரில் கழுத்தளவு நீரோடும், ஏப்ரலில் சீமைக்கருவேலம் சூழ்ந்த வெடிப்பு நிலமாகவும் இருக்கும். அடுத்த ஆண்டு இறால் பண்ணையின் கழிவுநீர் கலந்து உவர்த்தும் போகலாம். மழை எப்போது தொடங்கியது, நீர் வந்து எத்தனை வாரம் ஆயிற்று, மின்கடத்துதிறன் எவ்வளவு, எந்தச் செடியிடையே கிடைத்தது, உடன் கிடைத்த தட்டான் இளவுயிரிகளும் நீர்ப்பூச்சிகளும் எவை என்பன இருந்தால்தான், இருபது ஆண்டு கழித்து வருபவர் அதே சிற்றினத்தை மீண்டும் தேட முடியும்.

எல்லாம் முடிந்து பெயரும் வெளிவந்த பிறகு பெரும்பாலும் எஞ்சி நிற்பது லார்வா. முதிர்ந்த உயிரி மட்டும் விவரிக்கப்பட்டு, அதன் லார்வா எப்படி இருக்கும், எந்தப் பூச்சியின் மேல் வாழும் என்பது தெரியாத சிற்றினங்களே அதிகம். அதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. முட்டையிடும் பருவத்துப் பெண் சிற்றுண்ணியை அதே கண்மாய் நீர் நிரப்பிய சிறு குப்பியில் ஓர் இலைத் துணுக்கோடு தனியே வைத்தால், முட்டையிட்டு, சில வாரங்களுக்குள் ஆறுகால் லார்வாக்கள் வெளிவரும். தாய் யார் என்பதில் ஐயமில்லாத அந்த லார்வாக்களை, தட்டான்களின் மார்பிலிருந்தும் கொசுக்களின் வயிற்றிலிருந்தும் எடுத்தவற்றோடு ஒப்பிடலாம். கண்மாய்களில் நீர் நிற்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில், ஒரு நுண்ணோக்கி உள்ள எந்தக் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்திலும் இது செய்யத்தக்க வேலை.